ஆள் பங்கு: காசு போடாமல் கூட்டாளியாகும் எண்ணூர்க் கணக்கு

எண்ணூர் நெட்டுக்குப்பத்திலோ தாழங்குப்பத்திலோ பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அவருக்குப் பங்குதான். ஒரு ரூபாய்கூட முதல் போடாதவரும் அன்றைய மீன்பாட்டில் கூட்டாளி.

மீன் ஏலம் போனதும் கரையிலேயே கணக்கு தீர்ந்துவிடும். முதலில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகு, எஞ்சின், வலை போட்டவருக்குத் தனிப் பங்கு. கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் பங்கு. உதாரணமாக, 12,000 ரூபாய்க்கு மீன் விற்று 3,000 செலவு போனால் மிச்சம் 9,000. நான்கு ஆளுக்கு நான்கு, படகு எஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என்றால் ஆறு பங்கு, ஆளுக்கு 1,500. படகுக்காரரும் கடலுக்குப் போயிருந்தால் அவர் கைக்கு 4,500. இந்த விகிதம் குப்பத்துக்குக் குப்பம், வலைக்கு வலை மாறும். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரக் காலத்தில் முதல் கொஞ்சம்தான். எஞ்சின் வந்த பிறகு முதலின் பங்கு ஏறியது.

மீன் படாத நாளில் ஆள் பங்கு பூஜ்யம். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்யும் பொழுதுக்கும் தனிக் கூலி இல்லை. அதுவும் பங்குக்குள் அடக்கம்.

உழைப்புக்கு ஈடாகப் பங்கு தருவதைச் சட்டமும் அறியும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 54-ஆவது பிரிவுப்படி ஊழியருக்கு 'ஸ்வெட் ஈக்விட்டி' கொடுக்கலாம். சிறப்புத் தீர்மானம் வேண்டும். 3 ஆண்டுகளுக்கு அதைக் கைமாற்ற முடியாது. ஆனால் அது நிறுவனத்திலேயே உரிமை. எண்ணூர்ப் பங்கோ மீனில் மட்டும். இருபது வருஷம் ஒரே படகில் போனாலும் படகில் ஒரு பலகைகூட அவருடையதாகாது. நட்டத்தில் கூட்டாளி, சொத்தில் வெளியாள். இது நியாயமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தொழில் முடங்கியது. அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. குடும்பத்தைக் கணக்கில் எடுத்தது சரியான முடிவு. ஆனால் படகுக்கு வந்த பணம் படகுக்காரருக்குத்தான். அந்தப் படகை நம்பி இழந்த ஆள் பங்குகளுக்கு எந்த ஏட்டில் ஆதாரம் தேடுவது?

யார் எந்தப் படகில் போகிறார், அவருக்கு எத்தனை பங்கு என்பதை ஊர்ப் பஞ்சாயத்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். மீன்வளத் துறை அந்த நோட்டை ஆதாரமாக ஏற்க வேண்டும்.