வீட்டுக்கு வந்த மரம் செதுக்கும் மெஷின்

மெஷின் என்றாலே ஆண்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஏன், மிக்ஸியும் கிரைண்டரும் தையல் மெஷினும் மெஷின் இல்லையா? ஊசி உடைந்தால் மாற்றுவதும், பெல்ட் தளர்ந்தால் இழுத்து மாட்டுவதும் யார்? நாம்தானே! அந்தத் தைரியத்தில்தான் 'சி.என்.சி. ரூட்டர்' என்ற குட்டி மெஷினை எங்கள் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறேன்.

"ரூட்டர்னா அந்த வைஃபை டப்பாதானே? அதுக்கா இத்தாம் பெரிய பொட்டி?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். அது வேறு, இது வேறு. கம்ப்யூட்டரில் நாம் வரைந்து கொடுக்கும் எழுத்தையோ கோலத்தையோ பலகையில் அப்படியே செதுக்கித் தருவது இது.

என் மாமியார் பிறந்தது சிறுமுகைப் பக்கம் கைத்தறி நெய்த குடும்பம். மெஷினை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தவர், "ஏங்கண்ணு, ஜக்கார்டு பொட்டியில அட்டை மாட்டுனா சேலையில பூ விழுகுமே, அது மாதிரியா?" என்றார். அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி! பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ விழச் செய்தார். 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், ஓட்டை போட்ட நாடாவின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். இன்று அட்டையும் நாடாவும் போய்க் கம்ப்யூட்டர் கட்டளை வந்துவிட்டது. 'ஜி0' என்றால் வேகமாக நகர். 'ஜி1' என்றால் செதுக்கிக்கொண்டே நேராகப் போ. 'எம்3' என்றால் மோட்டாரைச் சுற்று. 'எம்5' என்றால் நிறுத்து. அவ்வளவுதான் அதன் பாஷை.

எதற்காக வாங்கினேன்?

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். வீட்டிலிருந்தே பெயர்ப் பலகை, கோலப் பலகை செய்து கொடுக்கலாமே என்ற ஆசை பல நாளாக உண்டு. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் '3018' என்ற ரகத்தை வாங்கினேன். 300 மில்லிமீட்டர் நீளம், 180 அகலம் வரை செதுக்கும் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு.

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. எங்கள் ஐந்து வயது மகளுக்கு இழுப்பு உண்டு. பஞ்சு, ஒட்டடை, ஊதுபத்திப் புகை எதுவும் ஆகாது. "மரத்தூள் வீட்டுக்குள்ளே வரவே கூடாதும்மா. அதற்கு வழி செய்ய முடியுமானால் வாங்குங்கள்" என்று குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரும் நானும் ஒரு முடிவு எடுத்தோம். மெஷின் வந்த பிறகு அவளுக்கு இழுப்பு அதிகமானால், லாப நஷ்டம் பார்க்காமல் மறுநாளே விற்றுவிடுவது.

தூசிக்கு முதல் அணை

ஆகவே மெஷினைப் பூட்டுவதற்கு முன்பே அதன் இருப்பிடத்தைத் தயார் செய்தோம். மொட்டை மாடிக்குப் போகும் படியின் தலைப்பில் உள்ள சின்ன அறை. அதில் பிளைவுட்டால் ஒரு பெட்டி. முன்பக்கம் அக்ரிலிக் கதவு. சத்தமும் பாதி அடங்கும், தூளும் பெட்டிக்குள்ளேயே நிற்கும். வாக்குவம் கிளீனரின் குழாயைப் பிட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டோம்.

இது வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல. வருஷக் கணக்கில் மரத்தூளைச் சுவாசித்த தொழிலாளர்களை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எம்.டி.எஃப். பலகையின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு 2004-ல் அதே வரிசைக்கு வந்தது. நம்மைப் போல வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்பவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. நான் எம்.டி.எஃப். பக்கமே போவதில்லை. வேம்பு, தேக்குத் துண்டுகள், ரப்பர் மரம் இவைதான்.

துணி மாஸ்க் போதாது. என்-95 மாஸ்க்தான் நுண்ணிய தூளைத் தடுக்கும். வேலை முடிந்ததும் விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள். தூள் எழும்பி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். நான் மேலே ஒரு பழைய சட்டை போட்டுக்கொண்டு, இறங்கும்போது அதை அங்கேயே கழற்றி, கை கால் முகம் கழுவிய பிறகுதான் மகளைத் தொடுவேன்.

பூட்டும் முறை

அலுமினியச் சட்டங்கள், திருகு கம்பிகள், மூன்று மோட்டார்கள், சர்க்யூட் பலகை எல்லாம் தனித்தனியாகத்தான் வரும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, சாமான்களை எண்ணி அடுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். குட்டி ஸ்குரூ உருண்டு ஓடினாலும் கண்ணில் படும்.

• எல்லா ஸ்குரூக்களையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் பிறகு ஆலன் கீயால் முறுக்குங்கள். சமமில்லை என்றால் வட்டம் கோழிமுட்டை ஆகிவிடும்!

• மோட்டார் தாங்கியைக் கையால் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். வெண்ணெய் போல் நகர வேண்டும். எங்காவது இறுகினால் திருகு கம்பி நேராக இல்லை என்று அர்த்தம்.

• எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். ஒயர்களை நகரும் பாகத்தில் சிக்காதபடி கட்டிவிடுங்கள்.

• கம்ப்யூட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியாக 100 வந்தால் மெஷின் உங்கள் பேச்சைக் கேட்கிறது!

கூட வேண்டிய சாமான்கள்

மெஷினோடு வரும் ஊசி முனைப் பிட்டுகள் மெல்லிய கோட்டுக்குத்தான் ஆகும். பெயர்ப் பலகை எழுத்துக்கு 60 அல்லது 90 டிகிரி 'வி' பிட், வெட்டி எடுக்கத் தட்டை முனைப் பிட், வழவழப்பான பள்ளத்துக்கு உருண்டை முனைப் பிட், இந்த மூன்றும் முதலில் போதும். இந்த ரகத்துக்கு 3.175 மில்லிமீட்டர் தண்டு உள்ள பிட் கேட்டு வாங்குங்கள்.

பலகையை அசையாமல் பிடிக்கக் கிளாம்ப் நான்கு. கீழே போடத் தியாகப் பலகை ஒன்று. ரொட்டி நறுக்கும்போது மேஜை கீறாமல் கட்டை வைப்போமே, அதைப் போல. கண்ணாடி போட்டிருப்பவர்களும் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கை எட்டும் தூரத்தில் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கட்டாயம்.

முதல் பலகை

முதலில் மகளுக்காக 'அ' எழுத்துப் பலகை செய்தேன். எழுத்துருவில் அடித்தால் எழுத்தின் இரு ஓரமும் கோடாக வரும். விரல் ஓட்டிப் பழகும் பள்ளத்துக்கு நடுக்கோடுதான் வேண்டும். ஆகவே இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கையால் எழுதுவது போலவே வரைந்தேன். பிட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காகிதம் வைத்து, அது லேசாக உரசும் வரை பிட்டை இறக்கினால் அதுதான் பூஜ்யம்.

3 மில்லிமீட்டர் பள்ளத்தை ஒரே மூச்சில் தோண்டச் சொல்லக் கூடாது. அரை அரை மில்லிமீட்டராக ஆறு சுற்று. பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு ஓட்டினால் பிஞ்சு விரல் போகும் அகலம் கிடைத்துவிடும். நடுவில் கரண்ட் போனால் மெஷினுக்கு எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். அதனால் தொடங்கிய புள்ளியைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

உப்புத் தாளால் ஓரங்களை மழுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கிப் பூசினேன். பெயின்ட் வாசனை இல்லை, இழுப்புக்குப் பயமில்லை. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குச் சின்னச் சின்ன எழுத்துத் துண்டாக வெட்டித் தராதீர்கள். வாயில் போட்டால் மூச்சை அடைத்துவிடும்.

தலைப்பும் பின்னலும்

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். பிட் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றுகிறது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டா வேண்டாம். பின்னலைக் கொண்டை போடுங்கள். தாலிச் சரடு உள்ளே, வளையல் வெளியே. கையுறை போடலாமே என்று தோன்றும். கூடாது! அது பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேலே போகாதீர்கள். மெஷினை ஓடவிட்டு அடுப்பைப் பார்க்கவும் இறங்காதீர்கள். 'பாஸ்' அழுத்தினால் நகர்வது நிற்குமே தவிர, பல மெஷின்களில் பிட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரே இடத்தில் உரசி மரம் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். காலிங்பெல் அடித்தால் முழுக்க நிறுத்திவிட்டுப் போங்கள்.

பலன் என்ன?

மழைக் காலமும் பனிக் காலமும் தாண்டிவிட்டன. மகளுக்கு இழுப்பு அதிகமாகவில்லை. ஆகவே மெஷினும் தங்கிவிட்டது. மாதம் ஏழெட்டுப் பெயர்ப் பலகைக்கு ஆர்டர் வருகிறது. மரம், பிட், கரண்ட் செலவு போக மகளின் பள்ளி வேன் கட்டணத்துக்குக் காணும். பங்களா வாங்க முடியாது. ஆனால் அது என் கையால் வந்த காசு.

வாங்க நினைக்கும் சகோதரிகள் முதலில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை படுக்கும் அறையை விட்டுத் தள்ளி, கதவு சாத்தக்கூடிய இடம் இருக்கிறதா? யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் தினமும் கிடைக்குமா? அந்த இடத்தில் எர்த் உள்ள பிளக் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தயங்காமல் ஆலன் கீயைக் கையில் எடுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மெஷின் எங்கும் ஓடிப் போகாது.