தூக்கிய பாலமும் அடைத்த குழாயும்

செஞ்சி ராஜகிரியின் உச்சிக்குப் போக, கடைசியாக ஒரு பாறைப் பிளவைத் தாண்ட வேண்டும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. மரப்பாலத்தை எடுத்துவிட்டால், வந்தவனுக்குக் கோட்டைக்கு வழியே இல்லை என்றுதான் தோன்றும்.

அந்தச் செஞ்சிப் பக்கத்தில் அன்று, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனாலே "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். கேள்வி பெண்ணிடம்தான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை வேண்டுதல். அதுவும் பலிக்காவிட்டால் புதுச்சேரி பஸ். அங்கே 'டியூப் டெஸ்ட்'. 1920-ஐ ஒட்டி அமெரிக்க மருத்துவர் ரூபின் கண்ட முறையில், கருப்பைக்குள் வாயுவைச் செலுத்துவார்கள். கருக்குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் புகும். எழுந்து உட்காரும்போது தோள்பட்டை வலிக்கும். அந்த வலிதான் நல்ல சேதி! பிறகு சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே வந்தது. சாயம் கருப்பையின் மூலையிலேயே நின்றுவிட்டால் 'அடைப்பு'. அந்த ஒரு சொல் வீட்டுக்கு வந்து இரண்டாம் கல்யாணப் பேச்சாக வளரும்.

ஆனால் நின்றது எல்லாம் அடைப்பு அல்ல; சில சமயம் அது தூக்கிய பாலம் மட்டுமே. கருப்பைச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் கருக்குழாய் நூலளவுதான். சாயம் வேகமாகவோ குளிர்ச்சியாகவோ பாய்ந்தால் சுற்றியுள்ள தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். படத்தில் உண்மையான அடைப்பும் இந்த இறுக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

இன்று, இந்த எக்ஸ்ரேவுக்கு மாதவிலக்கு தொடங்கிய ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வரச் சொல்கிறார்கள். பல இடங்களில் படத்துக்கு முன்பே, தசை தளர ட்ரோட்டாவெரின் அல்லது ஹையோசின் ஊசி. வயிற்றுப் பிடிப்புக்கு நாம் விழுங்கும் பஸ்கோபானில் இருப்பதும் இந்த ஹையோசின்தான். கண் அழுத்த நோயோ இதயக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாயத்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து மெதுவாகச் செலுத்துகிறார்கள். நின்றால் சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கிறார்கள்.

ஊசி எல்லாவற்றையும் திறந்துவிடாது. காசநோயும் கிருமித்தொற்றும் விட்டுப்போன தழும்பை அது கரைக்காது. வலியும் முழுதாகப் போய்விடாது. சந்தேகம் நீங்காவிட்டால் லேப்ராஸ்கோப்பி பார்க்க வேண்டியிருக்கும். கணவருக்கும் விந்துப் பரிசோதனை உண்டு. அதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டைக்கு இப்போது கூட்டம் வருகிறது. பிளவின் மேல் பாலம் கிடக்கிறது. எல்லோரும் நடந்து தாண்டுகிறார்கள். ரிப்போர்ட்டில் 'அடைப்பு' என்று பார்த்ததும் அழுதுவிடாமல், செஞ்சிப் பெண் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தசை தளர ஊசி போட்டுப் பார்த்தீங்களா டாக்டர்?"