புதிய ஹார்ட் டிஸ்க் 'காணவில்லை' என்றால் பதற வேண்டாம்

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் பலதரத்தினர். சாலைக் கடைத்தெருவில் தலைமுறையாக வாணிபம் செய்வோர் உண்டு. தம்பானூரில் ஓட்டல் வேலை பார்ப்போர் உண்டு. அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் குமாஸ்தாக்களாக இருப்போர் உண்டு. இவர்களில் பலர் வீட்டில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அலுவலகத்தில் கழித்ததாகவோ, மகளின் படிப்புக்காக செகண்ட் ஹாண்டில் வாங்கியதாகவோ இருக்கும். இடம் நிறைந்து, ஓட்டமும் மந்தமானதும், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கித் தாமே பொருத்திக் கொள்கிறார்கள்.

பொருத்தி முடித்து சுவிட்சைப் போட்டால், திரையில் புதிய டிஸ்க்கைக் காணோம்! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற ஐயம் உடனே எழுகிறது. பல சமயங்களில் டிஸ்க் மீது எந்தக் குறையும் இருப்பதில்லை. அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைக்கும் வேலைதான் பாக்கி. ஆனால் அந்த வேலையை அவசரத்தில் செய்யப் போய், புதியதை விட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டு வருந்துவோரும் உண்டு. ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கு தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு வாசல்கள்

ஒரு டிஸ்க் நம் பார்வைக்கு வர இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதல் வாசல் இயந்திரம். கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது 'பயாஸ்' எனப்படும் அடிப்படை நிரல், தன்னோடு என்னென்ன இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கெடுக்கிறது. இரண்டாவது வாசல் விண்டோஸ் அல்லது லினக்ஸ். இயந்திரம் கண்டுகொண்ட டிஸ்க்கைக்கூட, அதில் முறைப்படி பிரிவுகள் இல்லாவிட்டால் விண்டோஸ் நம் முன் காட்டாது.

எந்த வாசலில் தடை என்பதை முதலில் அறிய வேண்டும். சுவிட்சைப் போட்டதும் எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பல இயந்திரங்களில் பயாஸ் திரை வந்துவிடும். வேறு விசை தேவை என்றால் தொடக்கத் திரையின் அடியில் எழுதியிருக்கும். அங்கே டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் தெரிந்தால் வயர், மின்சாரம் முதலியவை சரி. கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கும் தெரியாவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

முதலில் வயர்கள்

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பெட்டியின் உலோகப் பாகத்தை ஒரு முறை தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

இப்போதைய 'சாட்டா' டிஸ்க்குக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. அகலமானது மின்சாரத்துக்கு, 15 முனைகள் கொண்டது. குறுகலானது தகவலுக்கு, 7 முனைகள் கொண்டது. இவற்றில் ஒன்று சற்றே தளர்ந்திருந்தாலும் டிஸ்க் இல்லாதது போலத்தான். இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பழைய வயர்களின் முனைகள் கறுத்துப் போவதும் உண்டு.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடும் பழைய டிஸ்க்கின் தகவல் வயரைப் புதியதில் செருகி, பயாஸ் திரையை மட்டும் பாருங்கள். இப்போது தெரிந்தால் முன்பு போட்ட வயரோ, மதர்போர்டில் அது செருகியிருந்த துளையோ கெட்டது. ஒரு வயரின் விலை சொற்பம். அதற்காக டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டியதில்லை. சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட துளையை பயாஸிலேயே அணைத்து வைத்திருப்பார்கள். அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் பட்டையான ரிப்பன் வயர் இருக்கும். ஒரே வயரில் இரண்டு டிஸ்க்குகளை மாட்டினால் ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' என்று பின்புறத்துச் சிறு ஜம்பரை மாற்றி வைக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையில் வேறொரு சிக்கல். சூயிங்கம் பட்டை போன்ற 'எம்.2' வடிவத்தில் சாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரண்டு இனங்கள் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும், ஓர் இனத்தை மட்டும் ஏற்கும் மதர்போர்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. சில போர்டுகளில் எம்.2 துளையில் ஒன்றைச் செருகியவுடன் சாட்டா துளை ஒன்று தானே அணைந்துவிடும். வாங்கும் முன் போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கடையில் கேட்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

யு.எஸ்.பி. வயரில் இணைக்கும் சிறிய டிஸ்க் என்றால், பெட்டியின் பின்புறத் துளையில், குட்டையான வயரால் செருகிப் பாருங்கள். முன்புறத் துளைகளில் போதிய மின்சாரம் கிடைக்காமல் போவது உண்டு.

பதிவாகாத மனை

பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் தெரியாத டிஸ்க்கைப் புதிதாக வாங்கிய மனைக்கு ஒப்பிடலாம். நிலம் இருக்கிறது, பதிவு இல்லை, அறைகள் இல்லை, கதவு எண்ணும் இல்லை. தபால்காரர் எங்கே போவார்?

விண்டோஸின் ஸ்டார்ட் பொத்தான்மேல் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்பதைத் திறந்தால் டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும். புதியது 'அன்அலொகேட்டட்' என்ற கறுப்புப் பட்டையுடன் இருக்கும். அதை 'இனிஷியலைஸ்' செய்வது பதிவு. 'நியூ சிம்பிள் வால்யூம்' போடுவது அறை கட்டுவது. எழுத்து ஒன்றைத் தருவது கதவு எண். எல்லாம் இருந்தும் எழுத்து மட்டும் இல்லாததால் டிஸ்க் மறைந்திருப்பதும் உண்டு. எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும்.

பதிவின்போது எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று இரண்டு முறைகளில் எது வேண்டும் என்று கேட்கும். முதலாவது பழைய முறை. சாதாரணமாக 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கணக்கு எட்டாது. 4 டெராபைட் டிஸ்க்கில் பாதிதான் கிடைக்கிறது என்று சிலர் முறையிடுவதற்குக் காரணம் இதுவே. இன்றைய இயந்திரங்களுக்கு ஜி.பி.டி. போதும்.

இன்னொரு முறையீடும் உண்டு. 1 டெராபைட் என்று விற்றது திரையில் 931 என்று காட்டுகிறதே என்பது. இதில் மோசடி இல்லை. தயாரிப்பாளர் 1000-இன் மடங்கிலும், விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குலத் தட்டுகள் 50 கொண்டிருந்தும், ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் 1 டெராபைட் என்பது லட்சம் கோடி எழுத்துகளுக்கான இடம்.

எந்த டிஸ்க் என்று பாருங்கள்

நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். திரையில் 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று எண்கள் மட்டும் இருக்கும். புதியது எப்போதும் 1 ஆக இருக்கும் என்று நம்பக்கூடாது. கொள்ளளவை ஒப்பிட்டு, முடிந்தால் மற்ற டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

புதியதில் தவறு நேர்ந்தால் நஷ்டம் சில நிமிடங்களே. பழையதில் நேர்ந்தால் கதை வேறு. ஊரில் உள்ள நிலப் பத்திரத்தின் நகல், தங்கையின் கல்யாணப் படங்கள், கடை அண்ணாச்சியின் பல வருஷக் கணக்கு ஆகியவை வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

கேரளத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் முறையை வழங்கியிருக்கிறது. பிள்ளைகள் லினக்ஸில் பயன்படுத்திய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், அதைப் படிக்கத் தெரியாத விண்டோஸ், 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். அது கேள்விதான், கட்டளை அல்ல. சரி என்று சொன்னால் பிள்ளையின் பாடங்கள் போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் உள்ள இயந்திரத்தில் செருகித் திறந்து பாருங்கள்.

குற்ற வழக்குகளில் சிக்கிய டிஸ்க்குகளை ஆராய்வோர் பின்பற்றும் விதியும் இதுவே. வெள்ளையம்பலத்தில் உள்ள சி-டாக் மையம், காவல் துறையினருக்கான 'சைபர்செக்' என்னும் ஆய்வு மென்பொருளை உருவாக்கியது. இத்துறையின் முதல் பாடம், மூல டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாமல் முழு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்வது. தகவல் உள்ள டிஸ்க் திடீரெனத் தெரியாமல் போனால் நாமும் அவ்வாறே எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். 'டக், டக்' என்ற ஓசை உள்ளிருந்து வந்தால் மீண்டும் மீண்டும் சுவிட்ச் போட்டுப் பார்ப்பது கேட்டை அதிகமாக்கும்.

கடைக்குப் போகும் முன்

வயர் மாற்றி, துளை மாற்றி, வேறொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்துத் தெரியவில்லை என்றால் டிஸ்க் பழுதாக இருக்கலாம். பில், அட்டைப் பெட்டி, டிஸ்க்கின் மேல் ஒட்டிய வரிசை எண் ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்கவும், திருகுகளைக் கழற்றவும் வேண்டாம், உத்தரவாதம் போய்விடும். செய்து பார்த்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மலையாளம் சரளமாக வராதவர்களும் கடையில் தங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல முடியும்.

டிஸ்க் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. துலாவர்ஷக் காலத்து மாலை இடிமின்னல் இவ்வூருக்குப் பழக்கமானது. மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய டிஸ்க்கில் உள்ளவற்றைப் புதியதற்கு நகல் எடுத்ததும் பழையதை அழித்துவிடாமல், துடைத்துப் பெட்டியில் வைத்து, ஊருக்குப் போகும்போது வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒன்று இங்கும் ஒன்று அங்கும் இருந்தால், எது கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.