ஓடும் பஸ்சுக்குள் ஒரு மாளிகை!

கட்டில் உண்டு, குளியல் தொட்டி உண்டு. ஆனால் எதுவும் ஆடக்கூடாது!

வீடு என்றால் ஓர் இடத்தில் நிற்கும். வண்டி என்றால் ஓடும். ஓடுகிற வீடு உண்டா?

உண்டு! படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறை ஆகிய எல்லாம் கொண்ட "மோட்டார் வீடு"களில் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள். சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நட்சத்திரங்கள் ஓய்வு எடுக்கும் "கேரவன்" வண்டியைப் பலர் பார்த்து இருப்பார்கள். அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வீட்டை அலங்கரிப்பது எளிதான வேலை அல்ல. ஊரில் உள்ள வீட்டில் அழகான பீங்கான் ஜாடியை மேஜை மேல் வைத்தால், அது வைத்த இடத்தில் இருக்கும். ஓடும் வீட்டில் டிரைவர் "பிரேக்" போட்டால், அது பறந்து வந்து தலையில் விழும்! அழகு, இலேசு, உறுதி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். இதுதான் இந்தக் கலையின் ரகசியம்.

டாக்டரின் குதிரை வண்டி

இந்தக் கதை மோட்டார் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கடற்படையில் வேலை பார்த்தவர். சிறுவர்களுக்கு வீரக் கதைகள் எழுதியவர். 1885-ம் ஆண்டில் அவர் உல்லாசப் பயணத்துக்காகவே ஒரு வீட்டு வண்டியைச் செய்யச் சொன்னார். அதன் பெயர் "வாண்டரர்" (ஊர் சுற்றி).

வெளியே மகோகனி மரம். உள்ளே சோபா, புத்தக அலமாரி. பின்பக்கம் சமையல் அறை. ஏறத்தாழ 2 டன் எடை! 2 குதிரைகள் இழுத்தன. எதிரே வருகிறவர்களை எச்சரிக்க, டாக்டரின் வேலைக்காரர் 3 சக்கர சைக்கிளில் முன்னால் போனார். டாக்டரோடு ஒரு பெரிய நாயும், ஒரு கிளியும் பயணம் செய்தன. ஸ்காட்லாந்து வரை 1,300 மைல் போனார்கள்.

டாக்டர் அந்த வண்டியைத் "தரையில் ஓடும் உல்லாசக் கப்பல்" என்று கருதினார். கப்பலில் வாழ்ந்தவர் அல்லவா? கப்பல் அறையில் ஒவ்வொரு சாமானுக்கும் தனி இடம் உண்டு. அலை அடித்தாலும் அது நகராது. அந்தப் பாடம்தான் இன்றும் மோட்டார் வீடு செய்கிறவர்களுக்கு முதல் பாடம்.

1910-ம் ஆண்டில் அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கம்பெனி ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்பக்க ஆசனம் மடிந்து கட்டில் ஆனது. டிரைவரின் முதுகுப் பக்கத்தில் கை கழுவும் தொட்டி மடிந்து கிடந்தது. உள்ளே இருந்தபடி டிரைவரோடு பேச டெலிபோனும் இருந்தது!

விமானம் போல ஒரு வீடு

1936-ம் ஆண்டில் வாலி பயாம் என்ற அமெரிக்கர் "ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்" என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அது காரின் பின்னால் கட்டி இழுக்கும் வீடு. விலை 1,200 டாலர். 4 பேர் படுக்கலாம். மின்சார விளக்கு, தண்ணீர், சமையல் வசதி எல்லாம் இருந்தன.

அதன் உடல் அலுமினியத் தகடு. ஆகாய விமானத்தைப் போல ஆணி அடித்து இணைத்தார்கள். முனைகள் எல்லாம் உருண்டை. எடை குறைவு. காற்றும் தடுக்காது. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அதுவே கட்டில்! ஒரே சாமான் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்ற வழக்கம் இப்படி வேர் ஊன்றியது.

இந்த ஏர்ஸ்ட்ரீம் வண்டிக்குக் கிடைத்த பெருமை வேறு எந்த வீட்டுக்கும் கிடைக்கவில்லை. 1969-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி சந்திரனில் இருந்து ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும் திரும்பி வந்தார்கள். சந்திரனில் இருந்து கிருமி எதுவும் வந்து இருக்குமோ என்ற பயம். அதனால் அவர்களை ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டிக்குள் அடைத்தார்கள்! ஒரு டாக்டரும், ஓர் என்ஜினீயரும் கூட இருந்தார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதபடி வண்டியை மாற்றி இருந்தார்கள். ஜனாதிபதி நிக்சன் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அவர்களோடு பேசினார்.

தச்சரும் பஸ்சும்

மோட்டார் வீடுகளில் கோடீசுவரர்கள் விரும்புவது பஸ்சை மாற்றிச் செய்யும் மாளிகை. அதற்குப் பேர் போனது கனடா நாட்டின் "பிரெவோ" பஸ்.

அந்தக் கம்பெனியைத் தொடங்கிய யூஜின் பிரெவோ பஸ் என்ஜினீயர் அல்ல, தச்சர்! மாதா கோவில் பெஞ்சுகளும், பள்ளிக்கூட மேஜைகளும் செய்து வந்தார். 1924-ம் ஆண்டில் ஒரு லாரியின் மேல் மரத்தால் பஸ் கூடு கட்டிக் கொடுத்தார். அதில் இருந்து வளர்ந்தது கம்பெனி.

இன்று பிரெவோவின் வெறும் கூட்டை வாங்கி, உள்ளே வீடு கட்டித் தருவதற்கு என்றே தனிக் கம்பெனிகள் அமெரிக்காவில் உள்ளன. பஸ்சின் நீளம் 45 அடி. அகலம் எட்டரை அடி. மொத்த இடம் ஏறத்தாழ 380 சதுர அடிதான்! ஆனால் முழுதாக முடித்த வண்டியின் விலை 20 லட்சம் டாலரையும் தாண்டும்.

இந்தச் சிறிய இடம் எப்படி மாளிகை ஆகிறது?

சுவர் நகரும்! வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி பெட்டியின் இழுப்பறை போல வெளியே போகும். ஹால் அகலம் ஆகிவிடும். 1990-ம் ஆண்டில் நியூமார் கம்பெனி இதை மோட்டார் வீட்டில் கொண்டு வந்தது. அதன் பிறகு உள் அலங்காரமே மாறிவிட்டது.

கண்ணாடிகளைச் சுவரில் பதித்து, இடம் பெரிதாகத் தோன்றும்படி செய்கிறார்கள். தரை ஓடுகளுக்கு அடியில் சூடு தரும் கம்பிகள் ஓடுகின்றன. குளிர் நாட்டில் காலையில் வெறுங்காலோடு நடக்கலாம். தோல் சோபா, இரவில் கட்டில். டெலிவிஷன் பெட்டி அலமாரிக்குள் இருந்து எழும்பி வருகிறது.

பிரபல அமெரிக்கப் பாடகி டோலி பார்ட்டன் தன் பஸ்சில் குளியல் தொட்டி வைத்து இருந்தார். தலை டோப்பாக்களுக்குத் தனி அலமாரி! 2022-ம் ஆண்டில் அந்த பஸ்சை ஓட்டல் விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 2 இரவுக்குக் கட்டணம் 10 ஆயிரம் டாலர் என்று அறிவித்தார்கள்.

காலத்துக்கு ஒரு கோலம்

ஊரில் உள்ள வீடுகள் மாறும்போது ஓடும் வீடுகளும் மாறுகின்றன. 1970-களில் அமெரிக்க வீடுகளில் பச்சை, பொன் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களும், நீண்ட மயிர் கொண்ட கம்பளமும் நாகரிகம். மோட்டார் வீடுகளிலும் அதுவே புகுந்தது. இன்றோ வெள்ளை, சாம்பல், இளம் மர நிறம். வெளிர் நிறம் இடத்தைப் பெரிதாகக் காட்டும். வெயிலில் சூடும் குறையும்.

மஞ்சள் பஸ் குடும்பங்கள்

பணக்காரர்களுக்கு மட்டும்தானா இந்த ஆசை? இல்லை!

அமெரிக்காவில் பள்ளிக்கூட பஸ்களுக்கு ஒரே மஞ்சள் நிறம். 1939-ம் ஆண்டில் ஏற்பட்ட முடிவு அது. பழையதாகி ஏலத்துக்கு வரும் இந்த பஸ்களைச் சாதாரணக் குடும்பங்கள் வாங்குகின்றன. ஆசனங்களைக் கழற்றுகிறார்கள். துருவைச் சுரண்டுகிறார்கள். வெயிலும் குளிரும் தாக்காதபடி சுவருக்குள் மெத்தை போல அடைக்கிறார்கள். மரப் பலகை பதிக்கிறார்கள். பல மாநிலங்களில் மஞ்சள் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் மற்ற டிரைவர்கள் பள்ளிக்கூட பஸ் என்று ஏமாந்துவிடுவார்கள்!

கணவன் மரம் அறுக்க, மனைவி திரை தைக்க, பிள்ளைகள் வர்ணம் பூச, ஒரு வீடு உருவாகிறது. இங்கேதான் கவனம் வேண்டும்.

அழகுக்கு முன் உயிர்!

தண்ணீர் 1 லிட்டர் 1 கிலோ எடை. 400 லிட்டர் தொட்டி வைத்தால், 6 பெரியவர்களை ஏற்றியது போல! தொட்டியும், அடுப்பும், அலமாரியும் ஒரே பக்கம் இருந்தால் பஸ் சாயும். ஆகவே எடையை இரண்டு பக்கமும் பங்கிட வேண்டும்.

சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். அதனால் சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. வெளியில் திறக்கும் தனிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியில் துவாரம் விட வேண்டும்.

அடுப்பும், ஹீட்டரும் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும் குடும்பம் விழிக்காமலே போய்விடும்! இதைக் கண்டுபிடித்து மணி அடிக்கும் கருவியின் விலை, ஒரு நல்ல ஜன்னல் திரையின் விலைதான்.

கட்டில் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், பஸ் ஓடும்போது அதில் பிள்ளைகள் படுக்கக் கூடாது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு முடுக்கிய ஆசனத்தில், பெல்ட் கட்டி உட்கார வேண்டும். அவசரத்தில் தப்பிக்கும் கதவை அலமாரி வைத்து மறைக்கக் கூடாது.

20 லட்சம் டாலர் மாளிகை ஆனாலும், ஏலத்தில் எடுத்த பழைய பஸ் ஆனாலும், புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். இழுப்பறைகளுக்குக் கொக்கி போட வேண்டும். காஸ் அடைக்க வேண்டும். வெளியே போன சுவரை உள்ளே இழுக்க வேண்டும். படியை மடக்க வேண்டும். பிள்ளைகளின் பெல்ட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் சாவியைத் திருகலாம்!