சைனா, டேனா, சீக்கன்ட்டா?

பன்னிரண்டாம் வகுப்பில் இன்டக்ரேஷன் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வர்க்கமூலத்துக்குள் எக்ஸின் வர்க்கம் வந்துவிட்டால் எதைப் பிரதியிடுவது? சைனா, டேனா, சீக்கன்ட்டா? டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பரீட்சை அன்று அது மறந்து தொலைக்கிறது. பட்டியலே வேண்டாம், ஒரு செங்கோண முக்கோணம் போதும்.

கர்ணம் எது என்று மட்டும் கேளுங்கள். வர்க்கமூலத்துக்குள் 9 − எக்ஸ்² இருந்தால், கழிபடுவது எக்ஸ்; ஆகவே 3 தான் கர்ணம். எக்ஸை எதிர்ப்பக்கமாக வைத்தால் எக்ஸ் = 3 சைன் தீட்டா. எக்ஸ்² + 9 என்றால் வர்க்கமூலமே கர்ணம். 3, எக்ஸ் இரண்டும் மற்றப் பக்கங்கள். அங்கே டேன். எக்ஸ்² − 9 என்றால் எக்ஸே கர்ணம், சீக்கன்ட். கணக்கு முடிந்து தீட்டாவிலிருந்து எக்ஸுக்குத் திரும்பவும் இதே படம்தான் வழி.

எக்ஸ்² + 6எக்ஸ் + 13 என்று வந்தால் பயப்பட வேண்டாம். (எக்ஸ் + 3)² + 4 என்று எழுதினால் டேன் தானே தெரியும்.

முக்கோணம் வரையும் முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். மேலே எக்ஸ், கீழே எக்ஸ்² + 16-ன் வர்க்கமூலம் என்றால் டேன் எதற்கு? உள்ளே இருப்பதை யூ என்று வைத்தால் இரண்டே வரிகளில் விடை: அதே வர்க்கமூலம், கூட ஒரு மாறிலி. டேன் போட்டாலும் வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல.

இனி முக்கியமான விஷயம். 1-ஐ 9 − எக்ஸ்²-ன் வர்க்கமூலத்தால் வகுத்துத் தொகையிடும்போது சைன் போட்டவருக்கு விடை சைன் இன்வர்ஸ் (எக்ஸ்/3). கொசைன் போட்டவருக்கு மைனஸ் காஸ் இன்வர்ஸ் (எக்ஸ்/3). புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முதலாவதுதான் இருக்கும். உடனே பிள்ளை தன் விடையை அடித்துவிடுகிறது! சரியான விடையை அடித்துவிட்டு இன்னொரு பக்கம் எழுதுவதில் போகும் நேரம் எவ்வளவு?

இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் 90 டிகிரி, அதாவது பையில் பாதி. அது வெறும் மாறிலி. சந்தேகமிருந்தால் 0 முதல் 1.5 வரை போட்டுப் பார்க்கலாம். முதல் விடையில் 30 கழித்தல் 0. இரண்டாவதில் மைனஸ் 60 கழித்தல் மைனஸ் 90. இரண்டிலும் 30 டிகிரி. விடைத்தாளில் ரேடியனாக மாற்றி பை/6 என்று எழுதவேண்டும்.