சிசுக்களின் கைத்தொழிற்பாடு: ஒரு நோக்கு

ஆறு மாதச் சிசு எப்பொழுதும் ஒரே கையை நீட்டிப் பொருளைப் பற்றுமாயின், அதனைக் கைப்பழக்கமெனக் கருதி நாம் அமைந்துவிடுகின்றோம். ஆயின், முதலாண்டிற்குள் ஒரு கை தெளிவாக முந்துதல் இயல்பன்று. ஒருபக்கப் பெருமூளை வாதத்தின் முதற்குறியாக அஃது இருத்தல் கூடும்.

இதனை அளந்தறியச் சுவீடன் ஆய்வாளர் முதலானோர் உருவாக்கிய மதிப்பீட்டுமுறை 2017இல் வெளியாயிற்று. 3 முதல் 12 மாதம் வரையான சிசுவிடம் விளையாட்டுப் பொருள்கள் நீட்டப்படுகின்றன. 10 முதல் 15 நிமிட விளையாட்டு ஒளிப்பதிவு செய்யப்படுகின்றது. எட்டுதல், பற்றுதல், கைமாற்றுதல் முதலியன நோக்கப்பட்டு, ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகவும் இரு கைகளுக்கும் சேர்த்தும் புள்ளியிடப்படும்.

இது மட்டும் நோயை அறுதியிடாது. நரம்பியற் பரிசோதனையோடும் மூளைப்படத்தோடும் இணைத்தே நோக்கற்பாலது. எனினும், வளரும் மூளை பயிற்சியால் மாறவல்லது. ஆதலின், வாளாவிருத்தலே பேரிழப்பு என்பது எம் துணிபு.