சுட்டால் வளரும் நிலா

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி என்ற வீடியோ கேமை ஆடியவர்களுக்கு அந்த ஸ்னைப்பர் துப்பாக்கி நினைவிருக்கும். ராத்திரி ஆகும்வரை காத்திருந்து, அதை எடுத்து, வானத்தில் தெரியும் நிலாவைக் குறிவைத்து ஒரு குண்டு சுட்டால் நிலாவின் அளவு மாறும். சுடச் சுடப் பெரிதாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மறுபடி சின்னதாகிவிடும். மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் ஆடிய காலத்தில் இதை எனக்குக் காட்டியவன் பக்கத்து சீட்டுப் பையன். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். "நிலாவுக்கும் சீட் கோடு இருக்குடா" என்றான். அவன் சொல்லை நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மைக் காரணத்தைப் பின்னாளில் சொன்னவர் ஓபே வெர்மெய். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த் நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 உருவாகிக்கொண்டிருந்தபோது நிலாவை வானத்தில் வைக்கும் வேலை அவருடையது. வைத்துவிட்டார். ஓவியர்கள் சிலர் வந்தார்கள். நிஜ நிலா மாதிரி சின்னதாக இருக்கட்டும் என்றார் ஒருவர். சினிமாவில் வருவதுபோல் பெரிதாக இருக்கட்டும் என்றார் இன்னொருவர். பஞ்சாயத்து முடிகிற வழியாக இல்லை. சரி, சுட்டால் அளவு மாறும்படி செய்துவிடுகிறேன், நீங்களே சுட்டுப் பார்த்து எது வேண்டுமென்று முடிவு செய்து வந்து சொல்லுங்கள் என்றார் வெர்மெய். யாரும் திரும்பி வரவில்லை. அவரும் அதை எடுக்கவில்லை.

2001-இல் மூன்றாம் பாகத்தில் இருந்த அந்தத் தற்காலிக ஏற்பாடு, 2002-இல் வந்த வைஸ் சிட்டியிலும் 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸிலும் அப்படியே இருந்தது. ஊர் மாறியது, கதாநாயகன் மாறினான், நிலாவை மட்டும் யாரும் புதிதாகச் செய்யவில்லை. அடுத்த பாகம் என்பது வீடியோ கேமில் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால் இந்த நிலாவிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன்.

சினிமாவில் இரண்டாம் பாகம் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். முதல் பாகத்தின் பெயரை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே முணுமுணுப்போம். கேமில் பெரும்பாலும் நேர்மாறு. இரண்டாவதுதான் நன்றாக இருக்கும். காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. முதல் கேமைச் செய்கிறவர்கள் வாங்கிக்கொண்ட நேரத்தில் பெரும்பகுதி கதைக்கோ சண்டைக்கோ போவதில்லை. கேம் ஓடுவதற்கான இயந்திரத்தைக் கட்டுவதிலேயே போய்விடுகிறது.

இயந்திரக் கணக்கில் முதல் கேமான மூன்றாம் பாகத்தின் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் 32 எம்பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். முழு ஊரும் அதில் அடங்காது. எனவே ஊர் டிவிடியில் துண்டு துண்டாகக் கிடக்கும். நீங்கள் வண்டி ஓட்டப் போகும் திசையில் இருக்கும் தெருவை இயந்திரம் அவசரமாகப் படித்து நினைவகத்தில் விரிக்கும். தாண்டிவந்த தெருவைச் சுருட்டிப் போட்டுவிடும். உங்களைச் சுற்றி மட்டுமே ஊர் இருக்கிறது. நீங்கள் போன பிறகு அங்கே எதுவும் இல்லை. திருவிழா ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் மட்டும் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த மாதிரி.

ஒரு சிக்கல். கார் வேகமாகப் போனால் டிவிடி பின்தங்கிவிடும். சாலை வருவதற்குள் கார் வந்து நிற்கும். வெர்மெய் சொன்ன இன்னொரு கதையின்படி, சில இடங்களில் சாலையின் போக்கையே மாற்றி ஓட்டுகிறவனைத் தாமதப்படுத்தினார்கள். அதுவும் போதாமல் வண்டிகள் மீதான காற்றின் தடையைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். 'ஏன் இந்த ஊரில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது' என்று நாம் திட்டிக்கொண்டே ஓட்டியபோது, நமக்கு முன்னால் டிவிடி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் ஆடியவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். ஊரெல்லாம் தேடி அபூர்வமான கார் ஒன்றைத் திருடி ஏறுவோம். அடுத்த நிமிடமே தெருவில் எதிரே வருவதெல்லாம் அதே கார். நம்மைக் கேலி செய்கிறதோ என்று தோன்றும். நினைவகத்தில் ஒரே நேரத்தில் சில வகைக் கார்களின் வடிவங்களுக்குத்தான் இடம். நீங்கள் ஓட்டும் காரின் வடிவம் ஏற்கெனவே அங்கே இருப்பதால், தெருவை நிரப்ப இயந்திரம் கைக்குக் கிடைத்த அதையே அள்ளி விடுகிறது.

இந்தத் தந்திரங்களையெல்லாம் கண்டுபிடிப்பதில்தான் முதல் கேமின் காலம் கரைகிறது. வைஸ் சிட்டியின் வேலை தொடங்கியபோது இவை கையில் தயாராக இருந்தன. ஆரம்பத்தில் அதை மூன்றாம் பாகத்துக்கான கூடுதல் பகுதியாகத்தான் நினைத்திருந்தார்கள்; அது வளர்ந்து தனி கேமாகி, ஒரே வருஷத்தில் கடைக்கு வந்துவிட்டது. மிச்சமான உழைப்பு எங்கே போனது என்பது ஆடும்போதே தெரியும். மூன்றாம் பாகத்தில் பைக் கிடையாது, வைஸ் சிட்டியில் உண்டு. அங்கே வாய் பேசாத கதாநாயகன், இங்கே வாய் ஓயாத டாமி. ஆனால் இரண்டு பேருமே தண்ணீரில் விழுந்தால் செத்தார்கள். சான் ஆண்ட்ரியாஸின் கதாநாயகன் சிஜே நீந்தினான், மூன்று நகரங்களைச் சுற்றினான், அளவில்லாமல் தின்றால் தொந்தியும் போட்டான்.

கேம் செய்கிறவர்கள் இப்படி மிஞ்சும் பொருள்களை 'அசெட்' என்பார்கள். சொத்து என்றே சொல்லலாம். நாற்காலி, கதவு, நடை, குரல், நிலா எல்லாம் சொத்து. சில சமயம் பாகத்தோடு நிற்காமல் கம்பெனி விட்டுக் கம்பெனியும் போகும். 1996-இல் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் கேமில் விளக்குகள் மினுக்கும் முறை, வெறும் எழுத்துகளாக எழுதப்பட்டிருந்தது. 'ஏ' என்றால் இருட்டு, 'எம்' என்றால் சாதாரண வெளிச்சம், 'இசட்' என்றால் இரட்டை வெளிச்சம். ஒரு நொடிக்குப் பத்து எழுத்து. பழுதான டியூப்லைட் வேண்டுமென்றால் 'எம்'மையும் 'ஏ'யையும் தாறுமாறாகக் கலந்து ஒரு வரி. வால்வ் நிறுவனம் குவேக்கின் இயந்திரத்தை வாங்கித் திருத்தி 1998-இல் ஹாஃப்-லைஃப் செய்தது. நம் ஹாஸ்டல் ராத்திரிகளை விழுங்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக் அதன்மேல் எழுந்ததுதான். 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸில், தலையில் மாட்டும் கருவியோடு ஒருவர் இருட்டு அறைக்குள் நுழையும்போது மேலே மினுக்கும் விளக்கு, குவேக்கின் அதே எழுத்து வரிசையில்தான் மினுக்குகிறது. 24 வருஷமாகக் கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும் டியூப்லைட்!

சொத்தை அப்படியே செலவழிப்பது ஒரு வகை. அதை வைத்தே கதை பண்ணுவது இன்னொரு வகை. 1998-இல் நின்டெண்டோவின் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. அதன் நிலவறைகளை மாற்றியடித்து இன்னொரு பதிப்பு கொண்டுவரலாம் என்றார் ஷிகெரு மியாமோட்டோ. அந்த நிலவறைகளை வடிவமைத்த எய்ஜி அவோனுமாவுக்கு மனசில்லை. அப்படியானால் ஒரு வருஷத்துக்குள் புது செல்டா செய்ய முடியுமா என்றார் மியாமோட்டோ. பழைய இயந்திரம், பழைய உருவங்கள், கொஞ்ச நேரம். பெரிய உலகம் கட்ட வழியில்லை. சின்ன உலகத்தைத் திரும்பத் திரும்ப ஆட வைத்தால்? யோஷியாகி கொய்ஸுமி வேறொரு கேமுக்காக வைத்திருந்த யோசனை இங்கே வந்து சேர்ந்தது. அதுதான் 2000-இல் வந்த மஜோராஸ் மாஸ்க். மூன்றே நாளில் உலகம் அழியும். நீங்கள் காலத்தைப் பின்னால் தள்ளி முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குவீர்கள். முதலில் ஒரு வாரம் என்று வைத்திருந்தார்களாம். ஏழு நாளில் யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்று ஆடுகிறவன் தலையில் வைத்திருக்க முடியாது என்று மூன்றாகக் குறைத்தார்கள்.

ஒக்கரினாவின் பழைய உருவங்களே இதிலும் நடமாடுகின்றன. அதே முகம், வேறு பெயர், வேறு தொழில். உங்களை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, இறந்தவர்கள் ஊருக்குள் வந்துவிட்டோமோ என்ற கலக்கத்தைத் தருகிறது. அந்த உலகத்தை அழிக்க வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதும் ஒரு நிலாதான், முகம் முழுக்கக் கோபத்தோடு. இதற்கு இணையான ஒரு கேமை, பணம் கொட்டிச் செய்தவர்களிடமிருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜப்பானில் சேகாவின் யகூசா தொடர் இன்னும் இந்த வழியில்தான் போகிறது. டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்து வரைந்த காமுரோச்சோ என்ற பேட்டை, 2005 முதல் பாகத்துக்குப் பாகம் வந்துகொண்டிருக்கிறது. அதே சந்து, அதே திருப்பம். ஒரு பாகத்தில் அது 1988-ஆம் ஆண்டு. மற்றவற்றில் இன்றைய காலம். மூடிய கடை, மாறிய பலகை என்று தெரு நம்மோடு சேர்ந்து வயதாகிறது. 'காப்பி பேஸ்ட்' என்று நானும் ஒரு காலத்தில் ஏளனம் செய்தவன்தான். இப்போது அந்தச் சந்தில் எனக்கு வழி கேட்காமல் நடக்கத் தெரியும். சென்னையில் சில பேட்டைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கனம் கைவிட்டுப் போய்விட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் மீதான அமெரிக்க வழக்கில் சோனி தாக்கல் செய்த தாள்களில், ரகசியத் தொகைகளை மார்க்கர் பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மைக்கு அடியில் எண்கள் பல்லிளித்தன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர். ஹொரைசன்: ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர். இரண்டுமே அடுத்த பாகங்கள், இரண்டிலும் சொத்து கையில் இருந்தது. ஆனால் புதுத் திரையின் துல்லியத்துக்குப் பழைய நாற்காலி ஒத்துவராது. மரத்தின் ரேகை தெரிய வேண்டும், வெளிச்சம் பட்டால் தோல் மினுங்க வேண்டும், குண்டு பட்டால் சில்லு சில்லாகத் தெறிக்க வேண்டும். ராக்ஸ்டாரின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் குளிரில் குதிரையின் விரை சுருங்கும். யாரோ ஒருவர் அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து செய்திருக்கிறார். பிரமிப்புதான், மறுக்கவில்லை. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் மூன்றாம் பாகத்துக்கும் சான் ஆண்ட்ரியாஸுக்கும் நடுவே மூன்றே வருஷம். 2013-இல் வந்த ஐந்தாம் பாகத்துக்கு அடுத்ததற்காக 13 வருஷக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் அந்தக் குதிரையும் நிற்கிறது.

சொத்து கோப்புகளில் மட்டும் இருப்பதில்லை. காற்றின் தடையை ஏன் கூட்டினோம் என்று தெரிந்த ஆளும் சொத்துதான். 2023, 2024 ஆண்டுகளில் இந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பாராட்டு வாங்கிய ஸ்டூடியோக்களுக்கே பூட்டு விழுந்தது. தெரிந்த ஆள் இல்லாமல் பழைய கேமைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் பாகம், வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றுக்கும் சேர்த்து 2021-இல் வந்த புதுப் பதிப்பைச் சொல்லலாம். அதைச் செய்தது வேறொரு ஸ்டூடியோ. சான் ஆண்ட்ரியாஸின் பழைய பதிப்பில் தூரத்தை ஒரு மங்கல் மூடியிருக்கும். தூரத்துக் கட்டடங்களை வரைய இயந்திரத்துக்குத் தெம்பில்லாததால் வந்த மங்கல் அது. புதுப் பதிப்பில் இயந்திரத்துக்குத் தெம்பு இருந்தது, மங்கலை விலக்கினார்கள். சிலியட் மலை உச்சியில் நின்று பார்த்தால் மூன்று மாநகரங்களும் கூப்பிடு தூரத்தில், கொலு பொம்மை மாதிரி தெரிந்தன. ஒரு மாநிலத்தைச் சுற்றிய நினைவோடு வந்தவர்களுக்கு அது ஒரு தாலுகா அளவுகூட இல்லை என்று புரிந்துபோயிற்று.

அந்தக் கேமில் ஒரு டோனட் கடை, பெயர் டஃப் நட். பெயருக்கேற்ற வேடிக்கையாக அதன் கூரையில் ஆறு பட்டை வைத்த ராட்சத நட்டு, போல்ட்டில் முறுக்கும் நட்டு, நிற்கும். உருவங்களின் முனைகளை மழுப்பிக்கொண்டே வந்த கை இதையும் மழுப்பியதில் நட்டு வட்டமாகி, ஜோக் காணாமல் போனது. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. 2024-இல் வந்த ஒரு திருத்தத்தில் பழைய வானத்தின் சாயலையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆறாம் பாகம் மறுபடியும் வைஸ் சிட்டிக்கே போகிறது, அடி முதல் புதிதாகக் கட்டிய வைஸ் சிட்டிக்கு. 2025 என்றார்கள், இரண்டு முறை தள்ளிவைத்து 2026 நவம்பர் 19 என்று நாள் குறித்தார்கள். கடலின் அலையும் கடற்கரைக் கூட்டத்தின் வியர்வையும் முன்னோட்டத்தில் பார்த்தாயிற்று. நான் முதலில் பைக் திருடப் போவதில்லை. ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கி கிடைக்கும்வரை பொறுத்திருந்து, இருட்டியதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பேன்.